வதனி வருவதற்கு ஏற்ற மாதம்

சாவி கொடுப்பதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், லிப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடிக்கு ஒரு ஜேர்மன் குடும்பத்தின் ஐந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டும். பலெர்மோ நகரின் பழைய பகுதியான கால்சாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விடும் மூன்று வீடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். சொந்தக்காரி, வசதியானவர்கள் வாழும் பொலிதேயாமாப் பக்கம் இருக்கும் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய அம்மா. வருபவர்களுக்குக் கதவு திறப்பது, சாவி கொடுப்பது, போன பிறகு கட்டில் விரிப்பு மாற்றுவது, வருமுன் அவர்கள் கைபேசியில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எல்லாம் என் தலையில்.

கேள்விகள் நூறு விதம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றுதான்: பலெர்மோவுக்கு வர எந்த மாதம் நல்லது? என்னைப் போல இந்தத் தொழிலில் கிடந்து உழலும் உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் வீடு காலியாகக் கிடக்கும். பொய் சொன்னால் வந்து நின்று திட்டுவார்கள். ஐந்து வருடமாகப் பதில் எழுதி எழுதி இந்த விஷயத்தில் நான் பெரிய விண்ணனாகிவிட்டேன். அந்தக் கெட்டித்தனம் எனக்கே வினையானது. ஏனென்றால் இதே கேள்வியை யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என் மனைவி வதனி. ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டி, இருபத்தெட்டு நாள் கூட இருந்துவிட்டு விமானம் ஏறியவன் நான். அதன்பிறகு நாலு வருடமாக அவள் எனக்குக் கைபேசியில் ஒரு முகமும் குரலும், நான் அவளுக்கும் அப்படியே.

வீட்டுக்குள் இருக்கும் குளிர்

ஒரு ஜனவரியில் நோர்வேயிலிருந்து வயதான தம்பதி வந்தார்கள். சிசிலி என்றால் எப்போதும் வெயில் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இங்கத்தைய பழைய வீடுகளை நீங்கள் அறிவீர்கள். கல் தரை, எட்டாத கூரை, சூடாக்கும் குழாய் என்ற பேச்சே இல்லை. ஏசியைச் சூட்டுக்குத் திருப்பிவிட்டுக் குளிக்கத் தண்ணீரும் சுட வைத்தால் மின்சாரம் நின்றுவிடும். இரண்டாம் நாள் காலை போனேன். இருவரும் கோட்டு, தொப்பி, கையுறை சகிதம் மேசையில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. என் சொந்தப் போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அது இரண்டு பேர் போர்க்கும் அளவு. ஒற்றை ஆளுக்கு எதற்கடா இவ்வளவு பெரிது என்று அப்போது என்னோடு ஒரே அறையில் இருந்த தவம் வாங்கும்போதே கேட்டிருந்தான். அந்தக் கிழமை முழுவதும் நான் ஜக்கெட்டோடு படுத்தேன். புறப்படும் நாளில் அந்த மனிதர் போர்வையை அழகாக மடித்துக் கையில் தந்து சொன்னார்: "எங்கள் நாட்டில் குளிரை வெளியே வைத்திருப்போம். நீங்கள் ஏன் வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள்?"

படத்தில் சுடாத வெயில்

அந்த வருடமே ஓகஸ்ட் நடுப்பகுதியில், இத்தாலி முழுவதும் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்கு ஓடும் நாளில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் தனியே வந்து இறங்கினார். ஆபிரிக்காப் பக்கமிருந்து அனல் காற்று வீசிக்கொண்டிருந்தது. கூரையில் இருந்த தண்ணீர்த் தாங்கியும் வற்றிப்போயிருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் கெஞ்சி நாலு வாளி தண்ணீர் வாங்கி ஏற்றிக் கொடுத்தேன். அதில் ஒரு வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, பின்னேரம் வரை அப்படியே இருந்தார் பாவம். படிக்கட்டில் இருந்து வதனிக்கு அழைப்பு எடுத்து, ஓகஸ்டில் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். அந்த அம்மையார் என்னைத் திட்டவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "படத்தில் பார்த்தபோது வெயில் சுடவில்லை."

பிந்திப் பழுக்கும் பழம்

மனைவியைக் கூப்பிடுவதென்றால் முதலில் வீடு காட்டவேண்டும். மூன்று வீட்டுச் சாவி என் இடுப்பில் தொங்கினாலும் அதில் ஒன்றும் கணக்கில் வராது. ஒருவழியாக, கால்சாவின் பின்பக்கம் கீழ்மாடியில் ஒரு அறையும் குசினியும் எடுத்தேன். நகரசபைக்காரர் வந்து அளந்து பார்த்து, இரண்டு பேர் இருக்கலாம் என்று கடிதம் தந்தார்கள். ஆறு மாதம் அலைந்ததில், இந்த வருடம் மார்ச்சில் வதனி வருவதற்கான அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. அதை வைத்து ஆறு மாதத்துக்குள் அவள் கொழும்பில் விசாவுக்குக் கொடுக்கவேண்டும். தவறினால் எல்லாம் அடியிலிருந்து.

அன்று தவம் ஒரு பை நிறைய மந்தரீனோத் தோடம்பழம் கொண்டுவந்தான். அவன் நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டத்தில் பழம் பிடுங்குகிறவன். மற்ற இடத்துப் பழமெல்லாம் முடிந்த பிறகுதான் அங்கத்தையது பழுக்கும். கடிதத்தை அவனுக்குக் காட்டினேன். அவசரப்படாமல் நல்ல மாதமாகப் பார்த்துக் கூப்பிடப்போகிறேன் என்றேன். அவன் ஒரு பழத்தை உரித்துப் பாதியை எனக்கு நீட்டினான். "மச்சான், பிந்திப் பழுக்கிறதுதான் இனிப்பு. ஆனா கூடநாள் மரத்திலை விட்டியெண்டா உள்ளுக்குச் சக்கையாப் போயிடும்."

எல்லா மாதத்துக்கும் ஒரு நொட்டை

"அப்ப எப்ப வரட்டும்?" என்றாள் வதனி. விருந்தாளிகளுக்கு எழுதும் அதே பதிலை எடுத்துவிட்டேன். ஏப்ரலில் ஈஸ்டர்ப் பெருநாள் சனம், மூன்று வீடும் நிறைந்திருக்கும். மே அழகான மாதம்தான், அதனாலேயே எனக்கு மூச்சுவிட நேரம் இராது. ஜூனில் வெக்கை தொடங்கிவிடும். ஜூலையில் ஊர்த் திருவிழா, தெருவில் கால் வைக்க இடம் இராது. ஓகஸ்டைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேனே. செப்டெம்பரில் கடல் நல்லது, திரும்பவும் சனம். ஒக்டோபர் எப்படி? வெயிலும் இல்லை, குளிரும் இல்லை.

வதனியின் அம்மா, என் மாமியின் பக்கத்தில் வேறு ஒரு கலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆடியில் புது வீட்டுக்குள் காலடி வைக்கக்கூடாது. புரட்டாசியும் சரியில்லை. நானும் மாமியும் சேர்ந்து கழித்துக் கட்டியதில் வருடத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. கடிதம் செப்டெம்பரோடு செத்துவிடும் என்பதை, இருவருக்கும் வதனிதான் ஞாபகப்படுத்தினாள். பிறகு கேட்டாள்: "எல்லா மாசத்துக்கும் ஒரு நொட்டை சொல்லுறியள். நான் வாறதுக்கெண்டு பதின்மூண்டாம் மாசம் ஒண்டு செய்விக்கட்டோ?"

சரியான வாரம்

மே மாதம் ஒரு ஒல்லாந்துப் பொறியியலாளர் வந்தார். இரண்டு வருடமாக எனக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மழை, வெக்கை, சன நெரிசல் மூன்றையும் வாரவாரியாகப் போட்டு அட்டவணை அனுப்புவார். மூன்று தரம் திகதி மாற்றினார். கடைசியில் இதுதான் வருடத்தின் மிகச் சிறந்த வாரம் என்று மே இரண்டாம் வாரத்தைப் பிடித்தார். இரண்டு பேருக்கு என்று எழுதியிருந்ததால் இரண்டு தலையணை, இரண்டு துவாய், இரண்டு கிளாஸ் எல்லாம் ஒழுங்காக வைத்தேன்.

ஆள் தனியே வந்தார். மழையும் கூடவே வந்தது. நாலு நாள் விடாமல் கொட்டியது. மற்றவர் பிந்தி வருகிறாரா, சாவி இன்னொன்று வேண்டுமா என்று வழக்கம்போலக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் வதனிக்குச் சொல்லவே இல்லை. விருந்தாளிக் கதையில் அவளுக்கு நான் மறைத்தது இது ஒன்றுதான். "வாரத்தைச் சரியாகத்தான் தெரிவு செய்தேன். அதற்குள் அவள் போய்விட்டாள்."

எத்தனை கரண்டி சீனி

என்னோடு வேலை செய்கிறவள் மாலினி. மொரீஷியஸ்காரி. பூட்டன் காலத்தில் தமிழர், இப்போது ஒரு சொல் தமிழ் தெரியாது, நாங்கள் கதைப்பது இத்தாலியனில். ஒருநாள் கட்டில் விரிப்பின் இரண்டு நுனியை அவளும் இரண்டை நானும் பிடித்துக்கொண்டு நிற்கையில், "கடிதம் வந்து மூன்று மாதம். மழையையும் வெயிலையும் விடு. உனக்கு எதற்குப் பயம்?" என்றாள்.

உங்களிடம் மறைத்து என்ன? பயம்தான். எந்த விருந்தாளிக்குக் கோப்பியில் சீனி வேண்டாம் என்று எனக்குத் தெரியும். வதனி தேத்தண்ணீருக்கு எத்தனை கரண்டி போடுவாள் என்று தெரியாது. இருபத்தெட்டு நாளில் எப்போதும் வேறு யாரோதான் ஊற்றித் தந்தார்கள். முன்மயிர் கொட்டியது தெரியாதபடி நாலு வருடமாகக் கைபேசியைச் சரித்துப் பிடிக்கிறேன். நான் எடுத்த வீட்டின் ஒரே யன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. காலையில் நான் போனால் பொழுதுபட வருவேன், அவள் அந்தச் சுவரோடு இருக்கவேண்டும். நாளுக்கு நாள் அவள் வரவேண்டும் என்று ஏங்கினேன். வந்து பார்த்து, இதற்காகவா இவ்வளவு காலம் என்று கேட்டுவிடுவாளோ என்று அதே அளவுக்கு நடுங்கினேன். ஒக்டோபர் எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு சாட்டு. இவ்வளவையும் கேட்டுவிட்டு மாலினி விரிப்பை உதறி, தலையணையைத் தட்டி வைத்தாள். "வந்து பார்த்துவிட்டு, விருந்தாளிகள் மாதிரி உனக்கு நட்சத்திரமா போடப்போகிறாள்?"

நோர்வேக்காரி இல்லை

ஜூலையில் ஒரு மத்தியானம் அழுக்கு விரிப்பு மூட்டையோடு படியிறங்கும்போது அழைப்பு வந்தது. "இஞ்சாருங்கோ, விசா கிடைச்சிட்டுது." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்னம்மாவைப் பார்க்கக் கொழும்புக்குப் போறன் என்று ஜூனில் போனவள், நான் அனுப்பியிருந்த கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். டிக்கெட்டும் போட்டாயிற்று, ஓகஸ்ட் பதினாலு. நான் மூட்டையைப் படியில் போட்டுவிட்டேன்.

"ஓகஸ்டோ? வதனி, நெருப்பு வெயில் இஞ்சை! கடையெல்லாம் பூட்டு. தண்ணி ஒண்டைவிட்ட ஒருநாள்தான். நீர் தாங்கமாட்டீர்."

"ஆர் தாங்கமாட்டினம்? மத்தியான வெயிலுக்கை சைக்கிள் மிதிச்சு வேலைக்குப் போய் வாறனான். கோண்டாவிலிலை என்ன பனியே கொட்டுது? நான் என்ன நோர்வேக்காரியே?"

வெள்ளைக்காரருக்கு எழுதும் பதிலை யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கும் நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், என் தொழில் கெட்டித்தனம் அப்படி. ஆனாலும் விடாமல், அது ஆடி மாசமெல்லோ, மாமி என்ன சொல்லுவா என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு ஆவணி நல்லம், உங்களுக்கு ஒக்டோபர் நல்லம். எனக்கு இவ்வளவு நாளும் எல்லா நாளும் நல்லமாத்தான் இருந்தது."

கடைசி வரி

பதினாலாம் திகதி மூன்று வீட்டுக்கும் புது ஆட்கள். சாவிகளை மாலினியிடம் கொடுத்துவிட்டு விமான நிலையத்துக்கு ஓடினேன். சனத்துக்குள் அவள்தான் முதலில் என்னைக் கண்டாள். கைபேசியில் தெரிந்ததைவிட மெலிந்திருந்தாள். அவள் முன்மயிர் கொட்டிய என் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பெட்டியை என் கையில் தந்தாள். பஸ்ஸில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. இடம் காட்டுவது என் தொழில், ஆனால் அன்று என் வாயிலிருந்து வந்தது "சாப்பிட்டனீரோ?" மட்டும்தான். அதையும் மூன்று தரம் கேட்டேன். நான் பயமுறுத்திய அனல் காற்று சொல்லிவைத்ததுபோல வீசிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் சாவியை எடுத்ததும் என் வாய் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. "இது வெளிக் கேற்றுச் சாவி. இது வீட்டுச் சாவி, ரண்டு தரம் திருப்பவேணும். தண்ணி வராட்டில் தாங்கி மேலை இருக்கு. குப்பை பொழுதுபட்டாப் பிறகுதான் வெளியிலை வைக்கலாம்..." ஐந்து வருடமாக ஒரே ஒழுங்கில் ஒப்புவிக்கிற பாடம். போகிற நாளில் பத்து மணிக்கு முன் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள் என்பது அதன் கடைசி வரி. அது நாக்கு நுனிக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அழுகையையும் வியர்வையையும் ஒரே கையால் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் சாவிக்கோர்வையை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு தரம் திருப்பிக் கதவைத் திறந்தாள். கட்டிலைப் பார்த்தாள். குசினியை எட்டிப் பார்த்தாள். யன்னலைத் திறந்து, எதிரே இருந்த சுவரையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினாள். "எல்லாம் சொன்னியள், திருப்பி எப்ப தரவேணுமெண்டு சொல்லேல்லை. சொன்னாலும் தரமாட்டன்."

பலெர்மோவுக்கு எந்த மாதம் வரலாம் என்று கேட்பவர்களுக்கு இப்போதும் ஏப்ரல், மே, ஒக்டோபர் என்றுதான் எழுதுகிறேன், ஆனால் அதற்கு முதல் இங்கே உங்களுக்காக யாராவது காத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுகிறேன்.