அவர் கழுத்தில் என் தாலி

நாக்கின் ஓரத்தில் புண் வந்தது, பிறகு இடப்பக்கக் கழுத்தில் நெறி கட்டியது. கூடைக் கயிற்றின் வேலை என்றுதான் நினைத்தேன். நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்துக் கூடை தலையில் தொங்கினால் கழுத்து வீங்காமல் என்ன செய்யும்? லயத்து வீடுகளிலும் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்து, புற்று என்றார்கள். அது கழுத்து நெறிக்கும் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

ஸ்கேன் அறை வாசலில் தமிழ் பேசும் நர்ஸ் ஒருத்தி, "கழுத்துல இருக்கிறத எல்லாம் கழட்டுங்கம்மா. தாலியுந்தான்" என்றாள்.

"ஐயோ, அது மட்டும் முடியாது! இந்த மனுசன் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாரே, நான் எதுக்குத் தாலிய கழட்டணும்?"

"தங்கம் படத்துல கோடு கோடா விழும்மா. நெறிய மறைச்சிரும். அப்புறம் பரவியிருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வந்த நோவு போதாதென்று இது வேறா? வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். என் புருஷன் பின்னால் வந்து, தாலியைத் தலைவழியாகக் கழற்றித் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார்.

"எங்கிட்ட இருக்கட்டும் புள்ள. நீ உள்ள போ."

நர்ஸ் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள்.

ஊசி மருந்து ஏறியதும் உடம்பெங்கும் சுடுதண்ணீர் ஓடியது போலிருந்தது. "ஹெலவென்ன எபா" என்றது சிங்களத்தில் ஒரு குரல், அசையாதே என்று. எச்சில்கூட விழுங்கக்கூடாதாம். வெறுங்கழுத்தோடு கிடந்தேன். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு நெறியில் பரவியிருந்தது. நாக்கில் கொஞ்சமும் அந்தப் பக்கத்து நெறிகளையும் வெட்டி எடுத்தார்கள். கதிர்வீச்சுக் கரண்டும் வைத்தார்கள். தையல் ஆறிய பிறகும், "அடுத்த ஸ்கேன் முடியட்டும்" என்று அவர் தாலியைத் தரவில்லை. சட்டைக்குள் அதைப் போட்டபடியே ஃபேக்டரி வேலைக்குப் போனார்.

"என்ன மாமா, எப்பக் கல்யாணம்?" என்று அங்கே கேலி செய்வார்களாம்.

"டாக்டருதான்டா நாள் குறிக்கணும்" என்பாராம்.

அடுத்த ஸ்கேனில் கழுத்தில் எதுவும் இல்லை என்றார் டாக்டர். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே அவர் தாலியைக் கழற்றினார்.

"குனி புள்ள."

கல்யாணத்தன்று தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு என் கழுத்து குனியாது. நேராக நின்று பார்த்தேன். குத்துக்கல்லு மனுஷன் அழுதுகொண்டிருந்தார்.