அக்கா வீட்டில் நான் போடாத சுவெற்றர்

போன தை மாதம் டொரண்டோவுக்குப் போய் வந்தேன். தையில் யாராவது கனடாவுக்குப் போவார்களா, உனக்கென்ன விசரா என்று கேட்காத ஆள் எங்கள் ஊர் கொக்குவிலில் இல்லை. எனக்கு விடுப்பு அப்போதுதான் கிடைத்தது. டிக்கெட்டும் அந்த மாதத்தில்தான் மலிவு. அதோடு எனக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான் இருந்தது, அதற்கு வெயில் தேவையில்லை. அக்காவோடு இருந்து ஆறுதலாகக் கதைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா கனடாவுக்குப் போய் இருபத்தெட்டு வருஷமாகிறது. நடுவில் அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தவர், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தே ஒரு கிழமையை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். தொலைபேசியில் கதைக்கிறோம்தான். ஆனால் அது விசாரிப்பு. சாப்பிட்டாயா, மழையா, பிள்ளைகள் சுகமா என்பதோடு முடிந்துவிடும்.

குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயண விவரம் எல்லாம் இருக்கிறது. நான் விட்ட பிழையும் இருக்கிறது. அதை வாசிக்காமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கொழும்பிலிருந்து டோஹா வழியாக, இடையில் காத்திருந்த நேரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ இருபத்துமூன்று மணித்தியாலம். பின்னேரம் நான்கு மணிக்கு இறங்கினேன். வெளியே மைனஸ் பதினான்கு. அத்தான் ஒரு தடித்த கோட்டோடு வந்து நின்றார். அதை என் தோளில் போட்டுவிட்டுத்தான் "எப்பிடி இருக்கிறாய்?" என்றே கேட்டார். விமான நிலையத்திலிருந்து அவர்களின் வீடு இருக்கும் வோபர்னுக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர் இருக்கும். நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றே கால் மணித்தியாலம் எடுத்தது. காரில் போகும்போது, "வீடு நல்ல சூடாத்தான் இருக்கும், பயப்பிடாதை" என்று அத்தான் இரண்டு முறை சொன்னார். நான் அதைச் சாதாரண ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன்.

கதவு திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. மதியம் கொழும்பில் சனம் நிறைந்த பஸ்ஸுக்குள் ஏறியது மாதிரி இருந்தது. அக்கா மெல்லிய பருத்திச் சட்டையோடு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். தலை நரைத்திருந்தது. சிரிப்பு அதேதான். அத்தான் கோட்டையும் சேர்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு பெனியனோடு உட்கார்ந்து, துவாயால் கழுத்தைத் துடைத்தார். இதுதானா கனடாக் குளிர் என்று நினைத்தேன். அன்றைக்கே மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, "இங்கை குளிரே இல்லை, அக்கா வீட்டிலை சறத்தோடை இருக்கிறன்" என்று பெருமையடித்தேன்.

அதற்கு முன்னர் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. குளித்துவிட்டு வந்தபோது உடம்பு கொஞ்சம் நடுங்கியது. மனைவி நுவரெலியாவில் வாங்கித் தந்த நீலச் சுவெற்றரை எடுத்துப் போட்டுக்கொண்டு ஹோலுக்கு வந்தேன். அக்காவின் முகம் அப்படியே வாடிவிட்டது.

"என்ன தம்பி, குளிருதோ?"

"இல்லை அக்கா, சும்மா."

"சும்மா ஆரும் வீட்டுக்குள்ளை சுவெற்றர் போடுவினமோ? சூடு காணாது எண்டு சொல்லன்."

சுவரில் இருந்த, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டியின் பொத்தானை இரண்டு தரம் அமத்தினார். இருபத்தைந்து என்று காட்டியது. எங்கோ கீழே ஹீற்றர் உறுமத் தொடங்கியது. நான் வெட்கப்பட்டுச் சுவெற்றரைக் கழற்றிப் பயணப் பெட்டிக்குள் வைத்தேன். எங்கள் ஆட்களின் வீட்டில் விருந்தாளி சோற்றைத் தட்டில் மிச்சம் விட்டால் வீட்டுக்காரி எப்படித் துடிப்பாளோ, சுவெற்றரும் அங்கே அப்படித்தான் என்று விளங்கிக்கொண்டேன். அதுவரை சரியாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து அக்கா என்னோடு இருக்கவே இல்லை. சமைப்பார், பரிமாறுவார், "நீ சாப்பிடு, நான் மேலை போட்டு வாறன்" என்று மாடிக்கு ஏறிவிடுவார். அரை மணித்தியாலம் கழித்து இறங்கி வரும்போது கண் சிவந்திருக்கும். ஹோலில் இரண்டு வசனம் கதைப்பார், கண்ணைக் கசக்குவார், திரும்பவும் மேலே. அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும். அம்மாவின் சாயல் எனக்கு உண்டு, எல்லாரும் சொல்வார்கள். என்னைப் பார்க்கப் பார்க்க அம்மாவை நினைத்து அழுகிறார் என்று முடிவுகட்டினேன். காரில் அத்தானிடம் கேட்டும் பார்த்தேன். "அவ அப்பிடித்தான், நீ ஒண்டும் யோசியாதை" என்று சொல்லிவிட்டு வானொலிச் சத்தத்தைக் கூட்டினார்.

அழுகிற ஆளின் முன்னால் நாள் முழுக்க எப்படி உட்கார்ந்திருப்பது? அவரைத் தனியே விட்டு வெளியே போய்விடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். அப்படித்தான் என் டொரண்டோச் சுற்றுலா ஆரம்பமானது. மூன்றாம் நாள் மார்க்கம் வீதி பஸ்ஸில் ஏறி வார்டன் நிலையம், அங்கிருந்து சுரங்க ரயிலில் நகரத்துக்குள். கட்டணம் மூன்று டொலர் சொச்சம், பயண அட்டையைத் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறலாம். வீட்டிலிருந்து நகரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். நாலாம் நாள் ஏரிக்கரையின் வெள்ளை மலைச்சரிவுகள். காற்று காதை அறுக்கும், தொப்பி கட்டாயம். அடுத்த நாள் பழைய சந்தைக் கட்டடம். அதற்கடுத்த நாள் அரும்பொருட்காட்சியகம், முழு நாளும் எடுக்கும்.

ஏழாம் நாள் நயாகரா. நகரத்திலிருந்து நூற்றுமுப்பது கிலோமீற்றர், பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். குளிர்காலத்தில் சனம் குறைவு. நீர்த்தூறல் கம்பிகளிலும் மரங்களிலும் படிந்து கண்ணாடியாக உறைந்திருக்கும். வழுக்கும், நல்ல சப்பாத்து வேண்டும். நிறையப் படம் எடுத்தேன். இரவு வந்து அக்காவிடம் காட்டினேன். படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லாச் சுத்திப் பார் தம்பி, அதுக்குத்தானே வந்தனி" என்றார். அதில் ஒரு சின்ன வருத்தம் தொனித்தது. எனக்கு அது அப்போது கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் ஒஷாவாவுக்குப் போய்ப் பள்ளித் தோழன் ஒருவனைப் பார்ப்பதாக இருந்தது. காலை ஒன்பதரைக்கு ரயில் நிலையத்தில் நின்றேன். நடைமேடையில் உப்புத் தூவிக்கொண்டிருந்த தமிழ்ப் பெடியன் எங்கே போகிறேன் என்று விசாரித்தான்.

"அண்ணை, இண்டைக்கு அங்காலை போகாதேங்கோ. மத்தியானம் ஸ்னோ கொட்டப்போகுது. ரயில் டிலே ஆகும், திரும்பி வரேலாமல் அங்கை நிண்டிடுவியள்."

"நாளைக்கு எனக்கு ஃபிளைற் தம்பி."

"அப்ப ஒண்டும் பாக்காதேங்கோ, வீட்டை போங்கோ."

தோழனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பதினொரு மணிக்கு முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தான் தந்த திறப்பால் கதவைத் திறந்தேன். வழக்கமான சூடு முகத்தில் அடிக்கவில்லை. வீடு குளிர்ந்து கிடந்தது. உள்ளே யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். அது அக்கா. ஒரு கிழமையாக நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

ஹோலில் யன்னல் பக்கத்துச் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் பயத்தங்காயை வைத்து உடைத்துக்கொண்டே யாரோ சிநேகிதியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். பச்சைச் சுவெற்றர், அதற்கு மேல் அத்தானின் சாம்பல் நிறச் சுவெற்றர், கம்பளித் தொப்பி, இரண்டு சோடிக் காலுறை. கண் தெளிவாக இருந்தது. அந்தச் சோபாவில் அவர் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என்னைக் கண்டதும், "ஐயோ, நீ ஒஷாவா போகேல்லையோ?" என்று துள்ளி எழுந்தார். பயத்தங்காய் நிலமெல்லாம் கொட்டியது. மேல் சுவெற்றரைத் தலைக்கு மேலால் இழுத்தார். தொப்பியில் மாட்டிக்கொண்டது. முகத்தை மூடிய சுவெற்றரோடு சுவரைத் தடவித் தடவி அந்தப் பெட்டியைத் தேடினார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் கையைப் பிடித்தேன்.

"அதைத் தொடாதேங்கோ அக்கா. எத்தினையிலை இருக்கு?"

சுவெற்றருக்குள்ளிருந்து, களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரிப் பதில் வந்தது. "பதினேழு."

"இதுதானோ உங்கட வழமை?"

"ஓம். போட வேண்டியதைப் போட்டால் பிறகென்னத்துக்கு வீட்டை எரிக்கிறது? நாங்கள் எந்த நாளும் இப்பிடித்தான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? ஊரிலை இருந்து ஆசையா வாறாய். வந்த ஆளைப் பாத்து, சுவெற்றரைப் போட்டுக்கொண்டு இரு எண்டு சொல்லுறதே? நீ போய்ச் சொல்லுவாய், அக்காவும் அத்தானும் கனடாவிலை ஹீற்றும் போடாமல் நடுங்கிக்கொண்டு இருக்கினம் எண்டு."

நான் வருவதற்கு முன்னர் வீட்டுச் சுவெற்றர்கள், போர்வைகள், கம்பளிக் காலுறைகள் எல்லாவற்றையும் வாசல் அலுமாரிக்குள் திணித்து வைத்தாராம். ஹீற்றரின் காற்று கூடினால் அவருக்குக் கண் வறண்டு எரியுமாம், மூக்கும் வெடிக்குமாம். டொக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். மேலறையில் காற்று வரும் துவாரத்தை மூடி, யன்னலைக் கொஞ்சம் நீக்கிவிட்டு இருந்தால்தான் ஆறுமாம். அதற்குத்தான் ஓடி ஓடிப் போயிருக்கிறார். என்னிடம் சொல்லக்கூடாது என்று அத்தானிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"நான் நினைச்சன், என்னைப் பாத்து அம்மாவை நினைச்சு அழுறியள் எண்டு."

"உன்னைப் பாத்து என்னத்துக்கு அழுறது? நான் நினைச்சன், உனக்கு ஊர் சுத்திறதிலைதான் விருப்பம் எண்டு. ஒரு நாளாவது வீட்டிலை நிண்டனியே?"

இரண்டு பேரும் நிலத்தில் இருந்து பயத்தங்காய் பொறுக்கினோம்.  நான் போய்ப் பயணப் பெட்டியைத் திறந்து நீலச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு வந்து அந்தச் சோபாவில் உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போர்வையை இரண்டு பேரின் காலுக்கும் சேர்த்து இழுத்துவிட்டார். வெளியே பனி கொட்டத் தொடங்கியது. நாலு மணிக்கு வேலையால் வந்த அத்தான் எங்களைக் கண்டதும், "அப்பாடா, இனி மனிசர் மாதிரி இருக்கலாம்" என்று அலுமாரியைத் திறந்து கையில் அகப்பட்டதைப் போட்டுக்கொண்டார்.

அந்த ஒரு பின்னேரம் அக்கா கதைத்தது எனக்குப் போதாது. வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு உடுப்புத் தோய்க்கும் கடையில் வேலை கேட்டதற்குக் காரணம், அந்தக் கடை சூடாக இருந்தது மட்டும்தான் என்றார். அவர் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று அப்பா பஸ் நிலையத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் ஒளித்து நின்று பார்த்தாராம். அக்கா கண்டும் காணாத மாதிரி ஏறிவிட்டாராம். இத்தனை வருஷமும் எனக்கு இது தெரியாது. அம்மா கடைசியாகத் தொலைபேசியில் சொன்னதைச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் பெட்டி கட்டுவதற்கு அத்தான் கூப்பிட்டார். "மிச்சத்தை நாளைக்குச் சொல்லுறன்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு எழுந்தார். சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

அடுத்த நாள் காலை பெட்டியை நிறுப்பதிலும், சொக்லேட்டை மாற்றி மாற்றி அடுக்குவதிலும் போனது. பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டோம். காரில் பாஸ்போர்ட் எங்கே, மாத்திரை எங்கே என்பதுதான் கதை. விமான நிலையத்தில் அக்காவின் கண் சிவந்திருந்தது. அங்கேயும் ஹீற்றர் கடுமையாகத்தான் இருந்தது, ஆனால் இந்த முறை நான் பிழையாக எடுக்கவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு. கையுறை, காதை மூடும் தொப்பி, வழுக்காத சப்பாத்து இங்கிருந்தே கொண்டுபோங்கள். நயாகராவுக்கு முழு நாள் வேண்டும். பனி எச்சரிக்கை இருந்தால் ரயிலை நம்பாதீர்கள். அதைவிட முக்கியம், சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறீர்கள் என்றால் வாசலிலேயே தடித்த சுவெற்றரோடு நில்லுங்கள். அவர்கள் முகம் வாடினால் வாடட்டும், கழற்றாதீர்கள். "நான் வராத நாளில் ஹீற்றர் எத்தனையில் இருக்கும்?" என்று அவர்களிடம் கேளுங்கள். அதிலேயே விடச் சொல்லுங்கள். விருந்தாளிக்காக எரிகிற ஹீற்றர் காசை மட்டும் தின்பதில்லை.

திரும்பி வந்த பிறகு டொரண்டோவில் என்னென்ன பார்த்தாய் என்று கேட்கிறவர்களுக்கு இடங்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறேன், படமும் காட்டுகிறேன். அக்கா எப்படி இருக்கிறா என்று கேட்கும்போது, நல்லா இருக்கிறா என்கிறேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒரு பின்னேரம்தான் இருக்கிறது.