மாமாவின் காளைக்கு வீட்டில் வேறு பெயர்

எங்கள் மாமாவின் செவலைக் காளை அந்த வட்டாரத்திலேயே பெரிய ரவுடி. இது மாமாவே சொல்லித்தான் எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில் சொல்வார், சலூனில் சொல்வார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்காமலேயே சொல்வார். "கயித்தப் புடிக்க நான் ஒருத்தன்தான். வேற எவன் கிட்ட வந்தாலும் குடலு கொம்புல தொங்கும்" என்பார். பாவம், பக்கத்து இலைக்காரர் அதற்குமேல் எதையும் ருசித்துச் சாப்பிட முடியாது.

முந்தின வருஷ மஞ்சுவிரட்டில் காளை யார் கைக்கும் அகப்படவில்லை என்பது நிஜம். அவிழ்த்துவிட்டதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. பொட்டல், கண்மாய்க் கரை, தோட்டம் எல்லாம் தாண்டி நேரே மாமா வீட்டுத் தொழுவத்தில் வந்துதான் நின்றது. அதிலிருந்து மாமாவின் நடையே மாறிப்போனது. காளைக்குப் 'புயல்' என்று பெயர் வைத்துத் தொழுவத்துச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியும் போட்டார்.

அத்தைக்கு அது அம்மு. அதன் தாய்ப்பசு கன்று ஈன்ற கையோடு செத்துப்போனதால், அத்தைதான் பால்புட்டி வைத்து வளர்த்தாள். "கொஞ்சிக் கொஞ்சிக் கெடுக்காத. ரோசம் போயிரும்" என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் மாமா வீட்டில் இருக்கும்போது அத்தை காளைப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். அவருடைய டி.வி.எஸ். தெருமுனை தாண்டிய சத்தம் கேட்டதும் ஆரம்பித்துவிடும். "எங்க அம்முக்குட்டிக்குப் பசிக்குதா? எங்க அம்முவுக்கு யாரு நெத்தியச் சொறிஞ்சு விடுறது?" அந்த ரவுடியும் கண்ணை மூடிக்கொண்டு தாடையை அத்தை தோளில் வைத்துக்கொள்ளும். மாமா வீடு எங்களுக்கு அடுத்த தெரு என்பதால் சனி, ஞாயிறு நான் அங்கேதான் கிடப்பேன். வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எனக்குக் கடலை மிட்டாய்.

அது மாசி மாதம். மஞ்சுவிரட்டுக்கு இன்னும் ஒரு வாரம். நானும் கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் 'எங்க புயல்' என்று பீற்றிக்கொண்டு திரிந்த நேரம். மானகிரியைத் தாண்டி இருந்த எங்கள் ஊர் வயல்களில் அறுப்பு முடிந்து வெறும் தாள்தான் நின்றது. மாமா அன்று காளைக்குக் கழுத்துச் சலங்கை வாங்கச் சிங்கம்புணரிக்குப் போயிருந்தார். காளையை வயலோரத்து வேப்பமரத்தடி நிழலில் கட்டிப் போட்டிருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து சோளத்தட்டை வைத்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தலைக்கு மேலே ஒரு பெரிய நிழல் போனது. சத்தமே இல்லை. காற்று கிழிகிற மாதிரி 'உஸ்' என்று ஒரு ஓசை, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை வெளேர் என்று ஒரு விமானம், நீள நீளமாய் இரண்டு இறக்கை. மாமா வயலில் இறங்கி, தாள்களைப் படபடவென்று முறித்துக்கொண்டு ஓடி, ஒரு பக்கம் இறக்கையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

காரைக்குடிப் பக்கம் பழைய ரன்வே ஒன்று உண்டு. அந்த வருஷம் எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டுகிறவர்கள் கொஞ்சப் பேர் அங்கே வந்து கூடாரம் போட்டிருந்தார்கள். காற்று தூக்கிவிட்டால் மேலே போவார்கள், காற்று காலை வாரினால் கிடைத்த வயலில் இறங்க வேண்டியதுதான். ஆடு மாடு இல்லாத வயலாகப் பார்த்து இறங்க வேண்டுமாம். இதை ஓட்டி வந்தவரும் அப்படிப் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறார். வேப்பமரத்துக்கு அடியில் நிற்பது மேலே இருந்து எப்படித் தெரியும்?

விமானம் இறங்கிய வேகத்தில் காளை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. ஆனால் ஓடவில்லை. கொஞ்ச நேரம் மூக்கை விடைத்துக்கொண்டு நின்றது. பிறகு தலையை ஆட்டி ஆட்டி விமானத்தை நோக்கி நடந்தது. கண்ணாடி மூடியைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த ஆள், அதன் கொம்பைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டு மூடியைச் சாத்திவிட்டார்.

அதற்குள் ஊரே வரப்பில் கூடிவிட்டது. ஆனால் ஒரு ஆள் வயலுக்குள் இறங்க வேண்டுமே! மாமா ஒரு வருஷமாகச் செய்த பிரசாரம் அன்றைக்கு நன்றாக வேலை செய்தது. "அங்குட்டுப் போகாதீக, அது புயலு!" என்று ஒருவரை ஒருவர் பின்னால் இழுத்தார்கள்.

அந்தக் கண்ணாடி மூடியில் ஒரு கை நுழைகிற அளவுக்குச் சின்னச் சன்னல் இருந்தது. அதன் வழியாக அந்த ஆள் கத்தினார். கோயமுத்தூர்க்காரர் போல.

"ஏனுங்க, யாராச்சும் இந்த மாட்டக் கொஞ்சம் புடிங்க! இறக்கையெல்லாம் துணிங்க. மாட்டு நாக்கு உப்புத்தாள் மாதிரிங்க, நக்குனாக் கிழிஞ்சு போயிருமுங்க!"

அவர் சொல்லி முடிக்கவும் காளை இறக்கையை நக்க ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. என்ன ருசி கண்டதோ, கண்ணை மூடிக்கொண்டு, வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு, சர்பத் ஐஸ் சாப்பிடுகிற பிள்ளை மாதிரி நக்கியது.

கூட்டத்தில் மாமாவின் பங்காளி ஒருவர் நின்றிருந்தார். மாமா மேலே துண்டு போட்டுக்கொண்டு போனாலே பொறுக்காதவர். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

"என்னப்பா இது, நாய்க்குட்டி கணக்கா நக்கிக்கிட்டு நிக்கிது? இதுவா குடலை எடுக்கும்?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தையைக் கூப்பிட ஓடினேன்.

அத்தை பருத்திக்கொட்டை ஆட்டிக் கலந்த வாளியோடு வந்தாள். ஆனால் வரப்பிலேயே நின்றுவிட்டாள். ஒரு பக்கம் அந்த மனிதருடைய விமானம். இன்னொரு பக்கம் இத்தனை கண்கள், அதிலும் பங்காளியின் கண். ஊர் முன்னால் வாளியைக் காட்டிக் காளையைக் கூட்டிப்போனால், அடுத்த வாரம் மஞ்சுவிரட்டில் மாமா எந்த முகத்தோடு நிற்பார்?

"அக்கா, சீக்கிரமுங்க! கொம்ப வச்சு உரச ஆரம்பிச்சிருச்சுங்க!"

அத்தை வயலில் இறங்கினாள். "ஏய், இந்தா" என்று வாளியைத் தட்டினாள். காளை காதை மட்டும் ஆட்டியது. "புயலு" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அதற்கு அது காதைக்கூட ஆட்டவில்லை. அத்தை ஒரு முறை ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மு" என்றாள்.

காளை டக்கென்று திரும்பியது. பின்னங்காலை உதறிக்கொண்டு ஓடி வந்து வாளிக்குள் மூஞ்சியை விட்டது.

"அம்முவா!" என்று பங்காளி போட்ட சத்தம் கண்மாய்க்குக் கேட்டிருக்கும். "ஏப்பா, புயலு பேரு அம்முவாம்ப்பா! மஞ்சுவிரட்டுக்கு ரிப்பன் கட்டித்தான் கூட்டிட்டு வரணும்!" வரப்பு முழுக்க ஒரே சிரிப்பு.

சரியாக அந்த நேரம் பார்த்து மாமாவின் டி.வி.எஸ். வந்து நின்றது. ஹேண்டில்பாரில் புதுச் சலங்கை தொங்கியது. மாமா சிரிக்கிற கூட்டத்தைப் பார்த்தார், வாளிக்குள் தலையை விட்டிருந்த காளையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மீசை வைத்த பெரிய மனுஷனுக்கு உதடு நடுங்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அத்தையும் பார்த்தாள்.

அடுத்த நொடி, "ஆத்தீ! குத்த வருதே! ஓடுங்க, ஓடுங்க!" என்று ஊரே அதிர ஒரு கத்தல். வாளியைக் காளை மூஞ்சியிலிருந்து பிடுங்கிக்கொண்டு அத்தை ஓட்டம் எடுத்தாள். காளை அவள் பின்னால் பாய்ந்தது. சும்மா போகாமல் அவள் நேரே கூட்டத்தைப் பார்த்து ஓடினாள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் எப்படிக் கலைந்தது என்கிறீர்கள்! துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். பங்காளி வாய்க்கால் சேற்றில் குதித்தார், அவருடைய வேட்டி மட்டும் கருவேல முள்ளில் நின்றுவிட்டது. அத்தை விமானத்தின் மூக்கைச் சுற்றி, வரப்பில் தடுக்கி விழுந்து, எழுந்து, வாளியை விடாமல் வீட்டுப் பக்கம் ஓடினாள். முந்தானையை வாயில் கவ்வியிருந்தாள். கண்ணில் இருந்து தண்ணீராகக் கொட்டியது.

மாமா டி.வி.எஸ். மேல் ஏறி நிற்காத குறை. "யாரும் கிட்டப் போகாதீக! எம் மாட்டப் பத்தி எனக்குத்தான் தெரியும்!" என்று முழங்கினார். குரல் பழைய குரலாகிவிட்டது.

"அம்முன்னு பொட்டப்புள்ள பேரச் சொன்னதுல ரோசம் வந்திருச்சுப்பா காளைக்கு" என்று மரத்தின் மேலிருந்து யாரோ சொன்னார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சேற்றிலிருந்து பங்காளியும் தலையை ஆட்டினார். நான் நைசாக வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அத்தையோடு சேர்ந்து வாராவாரம் நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சுகிறவளாயிற்றே!

விமானக்காரர் வெளியே வந்து இறக்கையைத் தடவிப் பார்த்தார். எச்சில்தான், கிழியவில்லை. மாமா வாங்கிக் கொடுத்த சோடாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "உங்க வீட்டுல அவங்களுக்குத் தைரியம் ஜாஸ்திங்க. என்ற பக்கமாத்தான் ஓடுனாங்க, மூஞ்சியப் பாத்தேன்" என்றார். மேலே ஏதோ சொல்ல வந்து, மாமாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் அவருடைய ஆட்கள் வண்டியோடு வந்து, இறக்கைகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமா தொழுவத்து வாசலில் நின்று, பார்க்க வந்தவர்களை எல்லாம் "அங்குட்டே நில்லுங்க" என்று தூர நிறுத்தினார்.

நான் உள்ளே போனபோது அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் நல்ல சிராய்ப்பு. முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள், தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டே இருந்தன. மாமா வந்து மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்து அவள் காலடியில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷன், காயத்தில் விரலால் தொட்டுத் தொட்டுத் தடவினார்.

"ரொம்ப மூர்க்கமா வந்துச்சோ?" என்றார் மெதுவாக.

அத்தையின் தோள் இன்னும் பலமாகக் குலுங்கியது. மாமா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவர் முதுகும் குலுங்கத் தொடங்கியது.

எங்கள் அத்தை சத்தமே வராமல் சிரிக்கிறவள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மு நன்றி கெட்டுப் போய்விட்டது, பெரியவர்கள் இரண்டு பேரும் அதைத் தாங்க முடியாமல் அழுகிறார்கள் என்பதுதான். அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழாதீக அத்தை, இனிமே நாம அதுகூடப் பேசவே வேணாம்" என்று சொல்லி, என் பங்குக்கு நானும் ஓவென்று அழுதேன்.