ஆர்ன்ஹைம் ஒரு பனிக்காலம் தங்கிய தேவாலயம்

1987ஆம் ஆண்டு யூலை மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு, மொன்றியலின் சென்ட் லோரன்டில் நான் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் சிவநாதன் அண்ணனின் கார் வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறக்காத கார் அது. அவர் எப்போதும் மற்றப் பக்கத்தால் ஏறி, நகர்ந்து போய்த்தான் உட்காருவார். நாங்கள் இருவரும் ஒரே மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர்கள். அவர் யாழ்ப்பாணம், சைவம். நான் மட்டக்களப்பு, வேதக்காரன். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் என்பதால் அவருக்கு நான் மாஸ்டர்.

"மாஸ்டர், இண்டைக்கு என்ன வேலை எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. ஓர்கன் திருத்தப் போறியளோ, வாசிக்கப் போறியளோ?"

"ரெண்டும் இல்ல அண்ணன். ஒரு அம்மா ஓர்கனுக்கு உள்ள நிண்டு சுருதி சேர்ப்பா. நான் வெளிய இருந்து அவ சொல்லுற கட்டைய அமத்திப் பிடிக்கணும். அவ்வளவுதான்."

"ஒரு கட்டையை அமத்திப் பிடிக்க இவ்வளவு தூரம் போறமோ!" என்று சிரித்தபடி காரை எடுத்தார்.

அந்த அம்மாவின் பெயர் ஹில்டா. அறுபது வயதிருக்கும். ஜெர்மனியில் பிறந்து, யுத்தம் முடிந்த பிறகு இளம் பெண்ணாக மொன்றியலுக்கு வந்தவர். பழைய தேவாலய ஓர்கன்களைத் திருத்துவது அவருடைய தொழில். வழக்கமாகக் கட்டை பிடித்துக் கொடுக்கும் கணவர் காலை முறித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். எனவே, "இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் ஒரு நாளைக்குத் தேவை" என்று எழுதி, நான் போகும் தேவாலயத்தின் அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தார்.

மட்டக்களப்பில் ஒன்பது வருடம் நான் பாடகர் குழுவுக்கு வாசித்திருக்கிறேன். முதலில் ஆர்மோனியம், பிறகு காலால் மிதிக்கும் சிறிய ஓர்கன். குழுவை நடத்தியவள் என் மனைவி ராணி. அவளும் மகளும் இன்னும் ஊரில்தான் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கான பத்திரங்கள் குடிவரவுக் கந்தோரில் எந்த மேசையில் கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. கனடாவுக்கு வந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு கட்டையிலும் விரல் வைக்கவில்லை. அவள் பாடாமல் நான் வாசித்துப் பழக்கமில்லை. அறிவிப்பில் ஓர்கன் வாசிக்க வேண்டும் என்று இல்லாததால்தான் துணிந்து தொலைபேசி எடுத்தேன்.

எட்டு மணி கடந்து ரொக்ஸ்பரோ புகையிரத நிலையத்தைத் தாண்டினோம். பாலம் ஏறி இல்-பிசார் தீவுக்குள் இறங்கியதும் வீதியில் எங்களைத் தவிர வேறு கார் இல்லை. பெரிய வளவுகளுக்குள் தனித் தனி வீடுகள். புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் மட்டும். எட்டே முக்காலுக்குத் தீவின் மறுகரையில் நின்றோம். வீட்டு வாசலிலிருந்து இருபத்திரண்டு கிலோமீற்றர்.

அங்கிருந்து லவால் கரைக்குப் போக ஒரு மிதவை உண்டு. கோடைகாலத்தில் மட்டும் ஓடும். ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் இதைப் "பாதை" என்போம். காருக்கும் எங்களுக்குமாக இரண்டு டொலர். "போன்ஜூர்" என்றார் மிதவைக்காரர். "போன்ஜூர்" என்றார் சிவநாதன் அண்ணன். இருவருடைய உரையாடலும் அத்தோடு முடிந்தது.

ஒன்பதேகாலுக்குத் தேவாலயம் வந்தது. ஆற்றைப் பார்த்த சிறிய கற்கட்டடம். உள்ளே மரக்கூரை கைக்கு எட்டுவது போலத் தாழ்ந்திருந்தது. முன்பக்கத்தில், பிளாஸ்டிக் உறை கழற்றாத புத்தம் புதிய மின்சார ஓர்கன் ஒன்று. பின்பக்க மாடத்தில் பழைய ஓர்கன். அதன் முன்வரிசைக் குழல்கள் ஈயச் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. ஹில்டா நீல நிற வேலைச் சட்டையோடு மாடத்துப் படியில் நின்றார். கை கொடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் உடனேயே விஷயத்துக்கு வந்தார்.

"மூன்று மணிக்குக் கமிட்டி வருகிறது. ஐந்து பேர். இந்தப் பழையது இருப்பதா, கழற்றி விற்பதா என்று இன்று முடிவெடுக்கிறார்கள். அந்த மின்சாரப் பெட்டி கடையிலிருந்து வந்து ஏற்கனவே காத்திருக்கிறது, பார்த்தீர்களா?"

அவர் ஓர்கனின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே போனார். நான் கட்டைகளுக்கு முன்னாலிருந்த வாங்கில் உட்கார்ந்தேன். ஒரு கட்டையை அமத்தினேன். குழல் முனகியது. உள்ளே பித்தளைக் கூம்பால் அவர் மெல்லத் தட்டத் தட்ட, அந்த முனகல் நேராகி, தெளிந்து, ஒரே கோடாக நின்றது. "அடுத்தது" என்று குரல் வந்தது. இரண்டு மணித்தியாலம் இப்படியே போயிற்று. கட்டைக்கும் கட்டைக்கும் இடையில், குழல்களுக்கு நடுவிலிருந்து ஹில்டாவின் குரல் அந்த ஓர்கனைச் செய்த மனிதரின் கதையைச் சொன்னது.

அவர் பெயர் கொட்லீப் ஆர்ன்ஹைம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், ஜெர்மனியின் தூரிங்கியாவில், ஒரு மலைக் கிராமத்துச் சப்பாத்துத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். ஓர்கன் செய்பவர் ஒருவரிடம் வேலை பழகி, அந்தத் தொழிலின் வழக்கப்படி ஏழு வருடம் ஊர் ஊராக நடந்து வேலை பார்த்தார். முப்பது வயதில் சொந்தப் பட்டறை. மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் செய்துகொண்டிருந்த காலத்தில் வாழ்நாள் முழுவதிலும் அவர் செய்து முடித்தவை இருபத்தொன்றுதான்.

"ஏன் அவ்வளவு குறைவு?" என்று கேட்டேன்.

"ஓர் ஊரில் வேலை ஒப்புக்கொண்டால், மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்து, அந்த ஊர்ச்சனம் எப்படிப் பாடுகிறது என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் கடதாசியில் கோடு போடுவார். அடுத்த கட்டை."

ஐம்பத்திரண்டாவது வயதில், மொன்றியல் நகரத்துப் பணக்காரத் தேவாலயம் ஒன்று அவரிடம் ஓர்கன் கேட்டது. முப்பத்து நான்கு மரப்பெட்டிகளோடு அவரே கப்பலேறி, இலையுதிர்காலத்தின் கடைசிக் கப்பலில் வந்து இறங்கினார். ஓர்கன் கேட்ட தேவாலயம் அதற்குள் எரிந்து சுவர்களாக நின்றது. ஆறு உறையத் தொடங்கிவிட்டது. வசந்தம்வரை திரும்பிப் போகக் கப்பல் இல்லை. பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. துறைமுகத்தில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவர் நின்ற நிலையைக் கேள்விப்பட்டு வந்தவர் இந்த ஊர்ப் பாதிரியார். விவசாயிகளின் பனிவண்டிகளில் பெட்டிகளை ஏற்றி, உறைந்த ஆற்றின் மேலாகவே இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

பெட்டிகளைத் திறந்தபோது அடுத்த சிக்கல். இந்தக் கூரை நான்கு அடி தாழ்வு. பெரிய குழல்கள் நிமிர்ந்து நிற்க இடமில்லை. வெட்டிக் குறைத்தால் அடிநாதம் போய்விடும். ஆர்ன்ஹைம் ஒரு குழலையும் குறைக்கவில்லை. பாதிரியாரின் குசினி அடுப்பில் ஈயம் உருக்கி, ஒவ்வொரு பெரிய குழலையும் அறுத்து, உச்சியில் முழங்கை மாதிரி மடித்து ஒட்டினார். காற்று போகும் நீளம் ஓர் அங்குலமும் குறையவில்லை. இங்கேயும் மூன்று ஞாயிறு பின்வாங்கில் இருந்து கேட்டார். இந்த ஊர்ச்சனத்தின் குரல் தன் ஊர்க் குரலைவிடத் தாழ்வு என்று கண்டு, கட்டை வரிசை முழுவதையும் ஒரு சுரம் தள்ளிப் பூட்டினார். இவை எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஓர்கனுக்குப் பின்னாலிருந்த அலுமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பதினைந்து வருடத்துக்கு முன் அதை வாசித்துச் சொல்லத்தான் ஹில்டாவை முதன்முதலில் இங்கே அழைத்தார்களாம்.

நான் எழுந்து போய்க் கதவால் எட்டிப் பார்த்தேன். மடித்த குழல்கள் கூரையின் கீழே தலை குனிந்து வரிசையாக நின்றன. ஒட்டிய இடம் தெரியாத அளவுக்கு நேர்த்தியான வேலை. சப்பாத்துத் தைப்பவரின் மகன் என்பது கையில் தெரிந்தது.

பதினொன்று நாற்பதுக்குக் காற்றூதும் மின்மோட்டார் கருகிய வாசம் விட்டு நின்றுபோனது. எல்லாக் குழல்களும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டு ஓய்ந்தன. ஹில்டா வெளியே வந்து மோட்டாரைத் தொட்டார், கையை உதறினார். "இன்றைக்கு இது எழும்பாது" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காரில் நித்திரையாக இருந்த சிவநாதன் அண்ணன் சத்தம் நின்றதைக் கண்டு மேலே வந்தார். "என்ன, முடிஞ்சுதோ?"

"காத்து நிண்டுட்டு அண்ணன்."

அவர் ஓர்கனின் பின்பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்ன, ரெண்டு மரம்?" என்று கேட்டார். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன அவை. மோட்டார் வருவதற்கு முன், ஓர் ஆள் ஏறி நின்று மாறி மாறி மிதித்துத் துருத்திக்குக் காற்று அனுப்பிய மிதிமரங்கள். ஹில்டா தூசியைத் துடைத்து, துருத்தித் தோலைத் தடவிப் பார்த்தார். தோல் தாங்கும் என்றார். ஆனால் மிதிக்கிறவர் நூலில் தொங்கும் ஈயக்கட்டியைப் பார்த்து மிதிக்க வேண்டும். அது சுவரிலுள்ள இரண்டு கோடுகளுக்கு இடையில் நிற்க வேண்டும். ஏறினாலும் பிழை, இறங்கினாலும் பிழை.

"ஊரில கிணத்துத் துலா மிதிச்ச கால், மாஸ்டர். இது என்ன பெரிய விசயமே!" என்று சப்பாத்தைக் கழற்றினார் சிவநாதன் அண்ணன்.

முதல் பத்து நிமிடம் ஈயக்கட்டி பைத்தியம் பிடித்ததுபோல் ஏறி இறங்கியது. கோடுகளுக்குக் கீழே பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. ஆர்ன்ஹைமின் கையெழுத்து என்று சொல்லி ஹில்டா வாசித்தார்: "அவசரப்படாதே, இது கொல்லன் உலை அல்ல." நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு நிதானம் வந்துவிட்டது.

இரண்டரை மணிக்குச் சுருதி முடிந்தது. ஆனால் பெரிய குழல் ஒன்றின் வால்வு ஈரப்பதத்தில் ஒட்டிக்கொண்டது. கட்டையை விட்டாலும் சத்தம் நிற்கவில்லை. யாராவது உள்ளே நின்று அதை விரலால் தள்ளிவிட வேண்டும்.

"நான் உள்ளே நிற்கிறேன்" என்றார் ஹில்டா. "நீங்கள் வாசியுங்கள்."

"இந்தத் தேவாலயத்தில் வாசிக்கிறவர்?"

"விடுமுறையில். நான்தான் வாசிப்பதாக இருந்தேன்."

முடியாது என்றேன். இரண்டு வருடமாகத் தொடவில்லை என்றேன். மனைவியைப் பற்றியும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியாமல் போயிற்று" என்றார். பிறகு வற்புறுத்தவும் இல்லை. மிதிமரத்தின் மேலிருந்து சிவநாதன் அண்ணன்தான் பேசினார்.

"மாஸ்டர், எனக்கு உங்கட சாமியும் தெரியாது, சங்கீதமும் தெரியாது. நான் மிதிக்கிறன். நீங்கள் சும்மா நிண்டியளெண்டால் நான் ஏன் மிதிச்சனான்?"

மூன்று மணிக்கு ஐந்து பேரும் வந்தார்கள். தலைவர், அந்த ஊரில் டெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்த கனத்த மனிதர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர்களில் ஒருவரான பாதிரியார் ஒரு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து என் முன் வைத்தார். பிரெஞ்சுப் பாட்டு, நான்கு குரலுக்கு எழுதிய சுரம். "நீங்கள் வாசியுங்கள், நாங்கள் பாடுகிறோம். இது பாடுவதற்காகச் செய்த ஓர்கன்" என்றார்.

வாசிக்கத் தொடங்கினேன். முதல் அடியில் காற்று நடுங்கியது. இரண்டாம் அடியில் ஒரு சுரம் பிழைத்தது. ஒட்டிய வால்வு ஒரு தரம் உறுமி, உடனே அடங்கியது. உள்ளே ஹில்டாவின் விரல் இருந்தது தெரிந்தது. மூன்றாம் அடியில்தான் அந்த ஓர்கனைக் கேட்டேன். அது சத்தம் போடவில்லை. ஐந்து பேரின் குரலுக்குக் கீழே கை கொடுத்து அவர்களை மெல்லத் தூக்கியது. மடித்த குழல்களின் அடிநாதம் வாங்குப் பலகை வழியாக என் முதுகுக்கு வந்தது. கடைக்காரருடைய கை அவிழ்ந்திருந்தது. அவருக்கு அருமையான தடித்த குரல். அவர் மூச்செடுக்கும் இடம் பார்த்து நானும் நிறுத்தி நிறுத்திப் போனேன். ராணிக்கு அப்படித்தான் வாசிப்பேன். கண் கலங்கிப் புத்தகம் தெரியவில்லை. கடைசி அடியைக் கை தானாகவே வாசித்தது.

முடிந்ததும் சிவநாதன் அண்ணன் வேர்வையில் குளித்து வெளியே வந்தார். மோட்டார் எரிந்துபோன விஷயம் அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். வாக்கெடுத்தார்கள். வைத்திருக்கலாம் என்று மூவர், வேண்டாம் என்று இருவர். வேண்டாம் என்றவர்களில் ஒருவர் கடைக்காரர். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த மனிதரை நான் எங்கே தேடுவேன்?" என்று அண்ணனைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். ஹில்டா சிரிக்கவில்லை. குழல் ஒன்றில் கையை வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். மோட்டாரை மாற்றித் தருவதாகக் கமிட்டி எழுதிக் கொடுத்தது.

ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். படியில் நின்று ஹில்டா மிச்சத்தைச் சொன்னார். அந்த வருடம் பனி முந்தி உருகியது, ஈஸ்டர் பிந்தி வந்தது. மனைவி சுகமில்லாமல் இருப்பதாகக் கடிதம் கிடைக்க, ஆர்ன்ஹைம் முதல் கப்பலிலேயே போய்விட்டார். சபை நிறைந்த ஈஸ்டர் அன்று தன் ஓர்கன் ஒலித்ததை அவர் கேட்கவேயில்லை.

"மனைவி?" என்றேன்.

"பிழைத்துவிட்டாள். அவருடைய ஊருக்குப் போய்ப் பதிவேட்டில் பார்த்தேன். இன்னும் பதினொரு வருடம் ஒன்றாக வாழ்ந்தார்கள்." பிறகு, குறிப்பேட்டின் கடைசி வரியைச் சொன்னார்: "இவர்கள் பாடுவதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. எங்கே மூச்செடுக்கிறார்கள் என்பது தெரியும்."

மிதவையில் அண்ணன் இரண்டு கால்களையும் நீட்டிப்போட்டுப் பிசைந்துகொண்டே வந்தார். "இனிமேல் வரக் கேட்டா எனக்கும் சொல்லுங்கோ" என்றார்.

அன்றைக்கே ராணிக்கு எழுதினேன். வாசித்தேன் என்று எழுதினேன். பதில் ஓகஸ்ட் கடைசியில் வந்தது. பத்திரங்களைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "என்ன பாட்டு வாசிச்சீங்க? வரிய எழுதி அனுப்புங்க, மகளுக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்று மட்டும் கேட்டிருந்தாள். எனக்கு ஒரு வரியும் தெரியாது.

அடுத்த ஞாயிறு அண்ணனைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஆற்றைக் கடந்தேன். பூசை முடிந்த பிறகு டெப்பனர் கடைக்காரரைப் பிடித்துப் புத்தகத்தைக் காட்டினேன். மனிதர் வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, நான் பிடிக்கும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்தப் பிரெஞ்சை நான் தமிழ் எழுத்தில் எழுதி, எங்கெங்கே மூச்செடுப்பது என்று அடையாளமும் போட்டு, மட்டக்களப்புக்கு அனுப்பினேன்.