காற்றாடிக்குப் போட்ட இரண்டு வளையங்கள்

கலவரம் அடங்கி, அகதி முகாமிலிருந்து அம்பிட்டிய வீட்டுக்குத் திரும்பியபோது கூரை இருந்தது, கதவுகள் இருந்தன, மின்சாரம் மட்டும் இல்லை. கம்பத்திலிருந்து வந்த வயரை வெட்டி, மீற்றரையும் உடைத்திருந்தார்கள். வெட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பக்கத்து வளவு வாழைகளுக்குப் பின்னால் நானும் மனைவியும் பதுங்கியிருக்க, ஒருவன் ஏணி வைத்து ஏறினான். ஏணியில் வெள்ளை மையால் இலக்கம் எழுதியிருந்தது. அது எங்கள் பகுதி மின் அலுவலகத்தின் ஏணி.

அந்த அலுவலகத்துப் பொறுப்பதிகாரி எங்களுக்கு மூன்று வீடு கீழே குடியிருந்தார். மீண்டும் இணைப்புக் கேட்டுப் போனேன். படிவத்தில் துண்டிப்புக்கான காரணமென்று இரண்டே பெட்டிகள்: கட்டணம் செலுத்தாமை, பாவனையாளரின் வேண்டுகோள்.

"இரண்டாவதில் போடுங்கள் மாத்தயா, நாளைக்கே லைட் வரும்," என்றார் சிங்களத்தில்.

"வந்து வெட்டுங்கோ என்று நானா கேட்டனான்?" நானும் சிங்களத்தில்தான் கேட்டேன்.

"பெட்டிக்குள் ஒரு புள்ளடிதானே!"

ஒரு புள்ளடிதான். அதைப் போட்டால் அன்றைக்கு அந்த ஏணி அலுவலகக் களஞ்சியத்தை விட்டு வெளியே போகவேயில்லை என்று ஆகிவிடும். நானும் அரசாங்க உத்தியோகத்தன். கோப்பில் இல்லாதது நடக்காதது என்ற வேதத்தைப் பத்து வருடம் ஓதியவன். கையெழுத்தும் வைப்பதில்லை, இருட்டிலும் இருப்பதில்லை என்று தீர்மானித்தேன். விளக்கும் அவர் வீட்டு ஜன்னலுக்கு நேரே எரியவேண்டும்.

பழைய கார் டைனமோ ஒன்றுக்குப் பலாப்பலகையில் காற்றாடி இதழ்கள் செதுக்கி, வளவின் மேல்மூலையில் இரும்புக் குழாயொன்றை நட்டு அதன் உச்சியில் ஏற்றினேன். தலை காற்றுப் பக்கம் திரும்ப வால் தகடும் வைத்தேன். மூன்றே நாள்தான் தாங்கியது. அம்பிட்டியக் காற்று ஒரு பக்கத்தால் வருகிற காற்றில்லை. மலையில் மோதித் திரும்பி வந்து சுழலும். அதன் பின்னே காற்றாடித் தலையும் சுற்றச் சுற்ற, கீழே இறங்கிய வயர் சடைபோலப் பின்னி அறுந்தது.

வேலிக்கு வெளியே நின்று பொறுப்பதிகாரி பார்த்தார். "காற்றும் மாத்தயாவிடம் படிவம் கேட்கிறதோ?"

மனைவி உள்ளே இழுத்துக்கொண்டு போயிராவிட்டால் அன்று என் உத்தியோகம் போயிருக்கும்.

அக்குறணையில் பழைய மோட்டார்ச் சாமான் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர், நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "வயர் ஏன் சுத்தணும் ஐயா? கம்பத்துல ரெண்டு பித்தள வளையத்தப் போடுங்க. மேல சுத்துறதுல கரித்துண்டக் கட்டி உடுங்க. அது வளையத்தத் தடவிக்கிட்டே சுத்தும். கரண்டு எறங்கும், வயர் சும்மா நிக்கும்."

இரும்புக் குழாயின் மேல் பிளாஸ்டிக் குழாய்த்துண்டொன்றை இறுக்கி, அதன்மேல் இரண்டு வளையங்களையும் ஒன்றையொன்று தொடாமல் ஏற்றினேன். கரித்துண்டுகளை அழுத்திப் பிடிக்க அலுவலகப் பேனைகளின் ஸ்பிரிங்குகளைப் போட்டேன். அரசாங்கச் சொத்து அல்லவா, அழுத்தமே இல்லை. கரி துள்ளிப் பொறி பறந்தது. அவற்றுக்குப் பதில் டோர்ச்லைட் ஸ்பிரிங்குகளைப் போட்ட பிறகு, தலை எத்தனை முறை சுற்றினாலும் கீழே வைத்த பற்றரிக்கு மின்சாரம் ஏறியது. அன்று பொழுதுபட விறாந்தையில் ஒரு பல்ப் எரிந்தது. கீழே அவர் வீட்டு ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

எனக்கு அது போதவில்லை.

இணைப்பில்லாத வீட்டில் விளக்கு எரிகிறதென்று முறைப்பாடு போனால், திருட்டு மின்சாரமோ என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வந்தாக வேண்டும். வருகிறவர் இணைப்பு ஏன் இல்லையென்று தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். அந்த அறிக்கையில் பெட்டிகள் கிடையாது, வெறுங்கோடுகள்தான். ஆகவே என்னைப் பற்றி நானே ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதினேன். 'இன்ன விலாசத்துத் தமிழர் களவாக லைட் எரிக்கிறார்.'

"உங்களுக்கு விசரே?" என்றாள் மனைவி.

"ஓம்," என்றேன். தபாலில் போட்டேன்.

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் கம்பத்தில் சாத்திய ஏணியில் ஏறி வளையங்களைத் தொட்டுப் பார்த்தார். இறங்கி, இணைப்பு எப்படிப் போனதென்று கேட்டார். சொன்னேன். ஏணியின் இலக்கத்தையும் சொன்னேன். அவர் எழுதினார். திரும்பும் வழியில் மின் அலுவலகத்துக் களஞ்சியப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஏணி வெளியே போனதற்குப் பதிவே இல்லை; பதிவில்லாமல் போனதற்குப் பொறுப்பதிகாரிதான் பதில் சொல்லவேண்டும்.

ஒரு மாதத்துக்குள் எங்களுக்கு லைன் வந்தது, அவருக்கு இடமாற்றம் வந்தது.

லொறியில் கட்டில்களை ஏற்றுகிற நேரம் அவர் எங்கள் வாசல் படலைக்கு ஏறி வந்தார். "பெட்டிசத்தை எனக்கும் காட்டினார்கள். அரசாங்கக் கடிதம்போல ஒவ்வொரு பந்திக்கும் இலக்கம் போட்டிருந்தது. வேறு யார் அப்படி எழுதுவார்?"

நான் மறுக்கவில்லை.

"அன்றைக்கு வந்தவர்கள் கதவை உடைப்போம் என்றார்கள். களஞ்சியச் சாவி என்னிடம் இருந்தது. என் பிள்ளைகளும் வீட்டில். பயந்துதான் கொடுத்தேன்."

அது உண்மையாக இருக்கலாம். அன்றும் அப்படித்தான் நினைத்தேன். இருந்தும் மனம் கொஞ்சமும் இளகவில்லை.

"படிவத்துப் பெட்டியில் இடமில்லாவிட்டால் உண்மைக் காரணத்தைத் தனித்தாளில் எழுதி இணைக்கலாம் மாத்தயா," என்றேன். "அதற்கும் சுற்றுநிருபம் இருக்கிறது."