படத்துப் பச்சை

எங்கள் குடியேற்றத் திட்டத்து நீர்ப்பாசன அதிகாரி கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் கந்தோர் அறையிலேயே இருப்பார். இத்தாலியில், புளோரன்ஸ் நகரத்துப் பழைய ஓவியக்கூடத்தைப் பார்க்கப் போவதற்கு எந்நேரமும் திட்டம் போடுவார். குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் துருசுக் கதவின் பூட்டுத் திறப்பு அவருடைய கதிரைக்குப் பின்னால் தொங்கும்.

நெல் வாடத் தொடங்கியதும் தண்ணீர் கேட்டுப் போனேன். அவர் அந்த ஓவியக்கூடத்துப் படப்புத்தகத்தில் மாதா ஓவியம் ஒன்றை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"மாதாவை விடுங்கோ. பின்னால இருக்கிற வயலைப் பாருங்கோ. என்ன பச்சை. இதை நேரில பாக்கத்தான் கப்பலேறப் போறன்."

"அதுக்கு ஆர் ஐயா தண்ணி திறந்துவிட்டது?"

புத்தகத்தை மூடினார். "உம்மட வாய்க்காலுக்கு முறை வரேக்க பாப்பம்."

முறை வந்தபோது அவர் கப்பலில் இருந்தார். திறப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். காய்ந்த பயிரில் மாட்டை அவிழ்த்துவிட்டேன்.

பச்சையைப் பார்க்கக் கடல் கடந்த மனிதர், கந்தோரில் எங்கள் வயல் பக்கத்து யன்னலை ஏன் ஒருநாளும் திறக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.