மெமரிக்கு வைத்த வரம்பு

எடப்பாடியில் சேலை டிசைன் போடும் ஆபீசில் நாங்கள் இரண்டு டிசைனர்கள். என் கணினி மெதுவாக இழுத்ததால், மெமரியைக் கூட்ட முதலாளி புது ரேம் வாங்கிப் போட்டார். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இந்தப் புள்ளைக்கு மிசினு ஓட்டத் தெரியலீங்க" என்று மற்ற டிசைனர் முதலாளியிடம் சிரித்தார்.

ஒவ்வொரு செட்டிங்காகத் தேடினேன். பழைய அளவுக்கு மேல் மெமரியை எடுக்கக்கூடாது என்று யாரோ வரம்பு வைத்திருந்தார்கள். என் பாஸ்வேர்டு என்னைத் தவிர அந்த டிசைனருக்கு மட்டும்தான் தெரியும்.

வரம்பை எடுத்ததும் புது ரேம் முழுதாக வந்தது. மதியம் அவர் சாப்பிடப் போனதும், அவர் திறந்தபடியே விட்டுப்போன கணினியில், எனக்கு வைத்ததைவிடக் குறைவாக ஒரு வரம்பு வைத்தேன்.

"ஏனுங்க, என்னுதும் இழுக்குதுங்களே?" என்றார் சாயங்காலம்.

"ரேம் மாத்திப் பாருங்க" என்றேன்.

மாற்றினார். இன்னும் இழுக்கிறது. எனக்குப் பாவமாகவே இல்லை.